அயர்ன்வுல்ஃப் 4 டிபி, ஜோடியாக: நெல்லை வெயிலிலும் கரண்ட் கட்டிலும் ரெய்டு 1

சீகேட் அயர்ன்வுல்ஃப் 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி, வீட்டில் அசெம்பிள் செய்த புதுக் கம்ப்யூட்டரில் ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் முறை, போடலாமா? தாராளமாகப் போடலாம். டிஸ்க்கைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ரெய்டு போட்டும் டேட்டா போச்சே என்று தலையில் கை வைக்கும் இடங்களில் டிஸ்க் மட்டுமே குற்றவாளியாக இருப்பது அபூர்வம். மதர்போர்டு ரெய்டை நம்பியது, காற்றே போகாத மூலையில் டிஸ்க்கை மாட்டியது, மலிவான பவர் அடாப்டர், விண்டோஸ் ஏதோ கேட்டதும் படிக்காமல் ஓகே கொடுத்தது என்று பக்கத்தில் இருக்கும் சங்கதிகள்தான் காலை வாரும். அதனால் இந்த மதிப்புரையில் டிஸ்க்குக்குக் கொஞ்சம் இடம்தான், மீதியெல்லாம் அதைச் சுற்றி இருப்பவற்றுக்கு.

மனதில் வைத்திருப்பது கல்யாண வீடியோ எடிட் செய்யும் கம்ப்யூட்டர். பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையில், இன்வெர்ட்டர் லைனில், அக்னி நட்சத்திரத்திலும் ஓடியாக வேண்டியது.

இப்போது கடைக்கு வரும் மாடல் எஸ்டி4000விஎன்006. நிமிடத்துக்கு 5400 சுற்று, 256 எம்பி கேஷ் (டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகம்), வருடத்துக்கு 180 டிபி வரையிலான வேலைக்கு ஏற்றது, 3 வருட வாரண்டி, கூடவே 3 வருட டேட்டா மீட்புச் சேவை. இதற்கு முந்தைய விஎன்008 மாடல் 5900 சுற்று, 64 எம்பி கேஷ். பழைய ஸ்டாக்கில் அது கிடைத்தாலும் வேலைக்கு ஆகும். கேஷ் அளவைப் பார்த்து மயங்கவோ ஒதுக்கவோ வேண்டாம். 256 எம்பி கேஷ் என்பது ரெய்டுக்கு ஆகாத டிஸ்க்குகளிலும் இருக்கிறது.

பார்க்க வேண்டியது டிஸ்க் எழுதும் முறை சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்பதை. சிஎம்ஆரில் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக எழுதப்படும். எஸ்எம்ஆரில் நாட்டு ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறி உட்காரும். இடம் மிச்சம், விலை குறைவு. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்த வரிசையையெல்லாம் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான் இங்கும். போட்டோ, பாட்டு வைத்துக்கொள்ளும் டிஸ்க்குக்கு இது தெரியவே தெரியாது. ரெய்டு ரீபில்டு, அதாவது செத்த டிஸ்க்குக்குப் பதில் வந்த டிஸ்க்கில் எல்லாவற்றையும் மறுபடி எழுதுவது, நடக்கும்போது பல மணி நேரம் நிற்காமல் எழுத வேண்டியிருக்கும். அப்போது எஸ்எம்ஆர் டிஸ்க் மூச்சு வாங்கும், வேகம் நத்தையாகும், பதில் சொல்லத் தாமதித்தால் ரெய்டு அதைச் செத்துவிட்டது என்று கணக்கில் எடுத்து வெளியே தள்ளிவிடும். நல்ல டிஸ்க்குக்குக் கருமாதி.

வண்ணார்பேட்டையிலோ முருகன்குறிச்சியிலோ “அண்ணாச்சி, 4 டிபி ரெண்டு வேணும், ரெய்டு போடணும்” என்று கேட்டால், “எல்லா 4 டிபியும் ஒண்ணுதாம் தம்பி, இது ரேட்டும் கம்மி” என்று சீகேட்டின் பாரகுடாவை எடுத்து வைக்க வாய்ப்பு உண்டு. பாரகுடா 4 டிபி, அதாவது எஸ்டி4000டிஎம்004, எஸ்எம்ஆர். வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூவில் டபிள்யூடி40இஇசட்ஏஇசட்டும் எஸ்எம்ஆர். ‘ரெட்’ என்று பெயர் இருந்தாலே நாஸ் டிஸ்க் (நெட்வொர்க்கில் வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கான டிஸ்க்) என்று நம்பவும் முடியாது. டபிள்யூடி40இஎஃப்ஏஎக்ஸ் எஸ்எம்ஆர் என்பது 2020ல்தான் வெளியே வந்தது, பெரிய சண்டையும் ஆனது. அதன் பிறகு அந்த நிறுவனம் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று பிரித்துவிட்டது. ஆகவே பெட்டியின் நிறத்தைப் பார்க்காமல் லேபிளில் உள்ள மாடல் எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்து வாங்க வேண்டும்.

சிசிடிவி டிஸ்க்கும் கடைக்காரர் கையில் எப்போதும் இருக்கும், ஊரில் கேமரா மாட்டாத வீடு குறைவு. பர்ப்பிள், ஸ்கைஹாக் வகையெல்லாம் பல கேமராவின் ஓட்டத்தை விடாமல் எழுதுவதற்காகச் சீர்செய்தவை. அவசரத்துக்கு ரெய்டு 1ல் ஓடும். புதிதாக வாங்கும்போது அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை.

நாஸ் டிஸ்க்குக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு செக்டரை, அதாவது டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டைப், படிக்க முடியாமல் போனால், சாதாரண டிஸ்க் ஒன்று இரண்டு நிமிடம்கூட விடாப்பிடியாக முயலும். தனி டிஸ்க்காக இருந்தால் அது நல்ல குணம், வேறு பிரதி இல்லையே. ரெய்டில் அது கேடு, ஏனென்றால் லினக்ஸ் 30 நொடிக்கு மேல் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. அயர்ன்வுல்ஃப், ரெட் பிளஸ் இரண்டும் சுமார் 7 நொடியில் “முடியவில்லை” என்று சொல்லிவிடும். ரெய்டு உடனே பக்கத்து டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒரே பெட்டியில், அடுத்தடுத்த சீரியல் எண்ணில் வாங்காமல், ஒன்று அயர்ன்வுல்ஃப், ஒன்று ரெட் பிளஸ் டபிள்யூடி40இஎஃப்பிஎக்ஸ் என்று கலந்து வாங்கினால் இன்னும் நல்லது. ஒரே நாள் பிறந்தவை ஒரே நாள் சாகும் வாய்ப்பு குறையும். அளவு ஒத்துப்போகுமா என்ற பயம் வேண்டாம். 4 டிபி என்றால் எந்தக் கம்பெனியிலும் 7,81,40,37,168 செக்டர்தான்.

விண்டோஸ் இதை 3.63 டிபி என்று காட்டும், யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி 1000ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. கல்யாணக் கணக்குக்கு வருவோம். 100 மெகாபிட் ஓட்டத்தில் 4கே எடுத்தால் ஒரு கேமரா மணிக்கு 45 ஜிபி தின்னும். மூன்று கேமரா, வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து ஆளுக்கு 5 மணி நேரம் என்றால் 675 ஜிபி. ஒரு ஜோடி 4 டிபியில் ஐந்து கல்யாணத்துக்கு இடம் உண்டு, ஆறாவது நுழையாது. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம் வரும் ஸ்டுடியோவுக்கு இது பற்றாது, 8 டிபி ஜோடிக்குப் போய்விடுவது உத்தமம். அக்கவுண்ட்ஸ், ஜெராக்ஸ் கடை டிசைன், வீட்டு போட்டோ என்றால் 4 டிபி பல வருடம் வரும்.

இனி மாட்டுவது. மூன்றரை இஞ்ச் டிஸ்க்குக்கு வரும் ஸ்க்ரூ, கேஸ் மூடும் ஸ்க்ரூவைப்போலப் பெரிய மரை உள்ளது, 6-32 என்று சொல்வார்கள். எஸ்எஸ்டிக்கு வருவது எம்3, மரை நெருக்கமாக இருக்கும். இரண்டும் ஒரே கவரில் கலந்து வரும். எம்3ஐ டிஸ்க்கில் போட்டால் உள்ளே போகும், பிடிக்காது, லொடலொடவென்று ஆடும். 6-32ஐ எஸ்எஸ்டியில் முறுக்கினால் மரை போய்விடும். நீளம் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். டிஸ்க்குக்கு நான்கு ஸ்க்ரூவும் போட வேண்டும். இரண்டு போட்டு முடித்துக்கொண்டால் வரும் உறுமல், டிஸ்க் கெட்டுப்போன சத்தம் மாதிரியே இருக்கும்.

மாட்டும் முன் ஒரு வேலை: லேபிளில் உள்ள சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி, கேஸைத் திறந்தால் கண்ணில் படும் ஓரத்தில் ஒட்டுங்கள். கேபிளின் இரு முனையிலும் அதே நான்கு எழுத்து. மூன்று வருடம் கழித்து விண்டோஸ் “இந்த சீரியல் டிஸ்க் போச்சு” என்று சொல்லும். உள்ளே இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டு இருக்கும். அவசரத்தில் நல்லதைக் கழற்றிக் கெட்டதை விட்டுவைப்பது ரெய்டு 1ல் நடக்கும் மிகப் பழைய தவறு.

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் மதர்போர்டு பெட்டியில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். இரும்பு க்ளிப் உள்ளதாக ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கவும். கேபிள் தளர்ந்தால், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி7 என்ற வரி ஏறும். அது ஏறினால் டிஸ்க்கைத் திட்டாமல் கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, மேலே ஏறாமல் நின்றாலே போதும். 05, சி5, சி6 ஆகியவை ஏறினால்தான் டிஸ்க்குக்கே நோய். 05 என்பது மாற்றி ஒதுக்கிய செக்டர், சி5 என்பது படிக்கத் திணறும் செக்டர், சி6 என்பது சரிசெய்ய முடியாத செக்டர். புது டிஸ்க்கில் இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே கடைக்குத் திருப்புங்கள்.

எந்த போர்ட்டில் செருகுவது என்பதும் சும்மா இல்லை. பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் 5, 6ஆம் சாட்டா போர்ட் செத்துவிடும். டிஸ்க் தெரியவில்லை என்று பவர் சப்ளை வரை மாற்றிப் பார்ப்பவர்கள் மதர்போர்டு புத்தகத்தின் சின்ன எழுத்து அட்டவணையைப் பார்த்திருக்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் 1, 2 போர்ட்டில் செருகினால் போதும்.

பவருக்கு எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளையிலிருந்து வரும் சாட்டா வயரே நல்லது. பழைய நான்கு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றித் தரும் அடாப்டரில் இரண்டு வகை. வயர்கள் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையில் உள்ளே 12 வோல்ட்டும் எர்த்தும் ஒட்டிக்கொண்டு தீப்பிடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. வயரைக் கண்ணால் பார்க்கும்படி தனித்தனியாக அழுத்திப் பிடித்த வகைதான் வேண்டும். ஒரு டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், ஓட ஆரம்பித்த பிறகு சில வாட்தான். இரண்டு டிஸ்க்குக்கு எந்த உருப்படியான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்கும். பெரிய கம்பெனிகளில் ஓடிக் கழற்றிய டிஸ்க் வாங்கி, அது சுழலவே மாட்டேன் என்றால் மூன்றாவது பவர் பின்னைச் சந்தேகிக்கவும். அந்த வகை சிலவற்றில் 3.3 வோல்ட் அந்தப் பின்னில் வந்தால் அணைந்தே கிடக்கும்படி வைத்திருக்கிறார்கள். அயர்ன்வுல்ஃபில் இந்தத் தலைவலி இல்லை.

இந்த ஊருக்கு வேண்டிய கவனம் சூடு. மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை பகலில் 38 டிகிரிக்குப் போகும். இப்போது விற்கும் கண்ணாடிக் கேஸ்களில் டிஸ்க்குக்கு இடம் எஸ்எம்பிஎஸ் மூடிக்குக் கீழே ஒரு பொந்து. இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் முதுகில் ஒன்று, பக்கத்தில் எஸ்எம்பிஎஸ் வயர்க் குப்பை. அங்கே 50 டிகிரி தொடுவது கஷ்டமே இல்லை. 60க்கு மேலும் தாங்கும் என்று கம்பெனி சொன்னாலும் 45க்குள் வைப்பதே நிம்மதி. முன்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று நேராக டிஸ்க் மேல் ஊதினாலே நிலைமை மாறிவிடும். ஆர்ஜிபி விளக்கைப் பார்த்து கேஸ் வாங்காமல், முன்பக்கம் வலை உள்ளதா, டிஸ்க் கூடு ஃபேனுக்கு நேரே உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். 5400 சுற்று என்பது இங்கே வரம். 7200 சுற்று டிஸ்க்கைவிடச் சூடும் சத்தமும் குறைவு. வேகம் வெளித் தடத்தில் நொடிக்கு 200 எம்பி அளவில் தொடங்கி, உள்ளே போகப் போக ஏறக்குறைய பாதியாகும். டைம்லைன் ஓட அது போதும். எடிட்டிங் மென்பொருளின் கேஷும் பிராக்ஸியும் (எடிட்டுக்காகச் சிறிதாக்கிய வீடியோப் பிரதி) எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.

இப்போது ரெய்டு. 1988ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இந்தப் பெயரை வைத்தவர்களின் எண்ணம், மலிவான சிறு டிஸ்க் பலவற்றைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்குவது. வீட்டுக்கு வரும்போது அது மூன்று கேள்வியாகச் சுருங்குகிறது: 0வா, 1ஆ, 5ஆ. ரெய்டு 0 இரண்டையும் பிணைத்து வேகம் தரும், ஒன்று போனால் இரண்டும் போச்சு. எஸ்எஸ்டி வந்த பிறகு அதற்கு வீட்டில் வேலை இல்லை.

ரெய்டு 5தான் ஆசை காட்டும். மூன்று 4 டிபி போட்டால் 8 டிபி கிடைக்கும், ஒன்று போனாலும் தாங்கும். ஆனால் ஒன்று போனதும் மீதி இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை, 8 டிபியையும் பிழையின்றிப் படித்தால்தான் மீட்க முடியும். சாதாரண டிஸ்க்குகளுக்குக் கம்பெனி தரும் உறுதி 12.5 டிபி படித்தால் அதிகபட்சம் ஒரு பிழை என்ற அளவுதான். நிஜத்தில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. என்றாலும் சூதாட்டம் சூதாட்டம்தான். அதைவிடப் பெரிய தொல்லை, ரெய்டு 5ல் டேட்டாவையும் அதன் சரிபார்ப்புக் கூட்டலையும் வேறு வேறு டிஸ்க்கில் எழுத வேண்டும். ஒன்றை எழுதி மற்றதை எழுதும் முன் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. அது அப்போது தெரியாது, டிஸ்க் ஒன்று சாகும் நாளில் தெரியும். ஐப்பசி இடி மழையில் ஒரு மாலைக்கு நான்கு தடவை கரண்ட் கண் சிமிட்டும் ஊரில் ரெய்டு 1தான் சரி.

அதை யார் நடத்துவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மதர்போர்டிலேயே ரெய்டு இருக்கிறதே என்று பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் செட்டிங் மெனுவுக்குள், போவார்கள். முதலில், எல்லாப் போர்டிலும் அது இல்லை. இன்டெல் எச்610 சிப்செட்டில் கிடையாது. ஏஎம்டி பி450, பி550ல் 0, 1, 10 உண்டு, 5 கிடையாது. ஏஎம்டியில் போடுவதானால் சாட்டா மோடை ரெய்டு என்று மாற்றி, பழைய பூட் முறையான சிஎஸ்எம்மை அணைத்து, மறுபடி பயாஸுக்குள் வந்தால் ரெய்டு எக்ஸ்பர்ட் மெனு தெரியும். அர்ரே (ரெய்டில் சேர்த்த டிஸ்க் கூட்டம்) உருவாக்கி விண்டோஸ் இன்ஸ்டாலுக்குப் போனால் டிஸ்க்கே தெரியாது. பென் டிரைவில் டிரைவரை அவிழ்த்து வைத்து, ஆர்சிபாட்டம், ஆர்சிரெய்டு, ஆர்சிசிஎஃப்ஜி என்ற மூன்றையும் இதே வரிசையில் ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் வேலை நடக்காது. ஏற்கெனவே ரெய்டு இல்லாத சாதாரண ஏஎச்சிஐ மோடில் விண்டோஸ் போட்டுவிட்டு அப்புறம் மோடை மாற்றினால் நீலத் திரைதான்.

இதெல்லாம் ஒரு நாள் பாடு, பட்டுவிடலாம். பிரச்சினை பின்னால் வருகிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி, அந்தப் பத்து ரூபாய்ச் சில்லு, சில வருடத்தில் தீரும். தீர்ந்த பிறகு மெயினை அணைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால் பயாஸ் தொடக்க நிலைக்குப் போயிருக்கும், சாட்டா மோடு ஏஎச்சிஐக்குத் திரும்பியிருக்கும். பயாஸ் அப்டேட் செய்தாலும் இதே கதி. விண்டோஸ் திறந்ததும் அர்ரே இருந்த இடத்தில் இரண்டு அனாதை டிஸ்க் நிற்கும். அப்போது “டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் செய்யுங்கள். ஓகே கொடுத்தால் ரெய்டு விவரம் எழுதியிருக்கும் இடத்தின் மேல் எழுதிவிட வாய்ப்பு உண்டு. கேன்சல் செய்து, பயாஸில் மோடை மறுபடி ரெய்டு ஆக்கினால் பெரும்பாலும் எல்லாம் பழையபடி வரும். மதர்போர்டே போய்விட்டால் இன்டெல் அர்ரேயை ஏஎம்டி போர்டு அடையாளம் காணாது. ஐந்து வருடம் கழித்து அதே குடும்பத்துப் போர்டைத் தேடி யார் அலைவது?

ஆகவே பயாஸில் ஏஎச்சிஐயே இருக்கட்டும், ரெய்டை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கான ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் வசதி விண்டோஸ் 10, 11 ஹோம் பதிப்பிலேயே இருக்கிறது. விண்டோஸ் என்விஎம்இ எஸ்எஸ்டியில் தனியாக இருக்க வேண்டும், ஸ்பேசஸ் மேல் விண்டோஸை ஏற்ற முடியாது. கன்ட்ரோல் பேனலில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் திறந்து, புது பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) உருவாக்கச் சொன்னால் டிஸ்க்குகளைக் காட்டும். இரண்டு 4 டிபியை மட்டும் டிக் செய்யுங்கள். பக்கத்தில் யுஎஸ்பி பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் அதுவும் பட்டியலில் நிற்கும், டிக் விழுந்தால் அதில் உள்ளது அழியும். செருகாமலே உட்காருவது புத்திசாலித்தனம். அடுத்த பக்கத்தில் டூ-வே மிர்ரர் (ரெய்டு 1 போன்றதுதான்), என்டிஎஃப்எஸ் என்று தேர்ந்தெடுங்கள்.

அதே பக்கத்தில் அளவு கேட்கும் கட்டத்தில் நிதானம் வேண்டும். உள்ளதைவிடப் பெரிய அளவைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், பின்னால் டிஸ்க் சேர்ப்பீர்கள் என்ற நம்பிக்கையில். சேர்க்காமல் பூல் நிரம்பினால், டிரைவில் இடம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே எழுத மறுத்து, டிரைவ் காணாமல் போகும். முகூர்த்த நாள் இரவில் கார்டைக் காலி செய்துகொண்டிருக்கும்போது இது நடந்தால் எப்படி இருக்கும்? விண்டோஸ் தானாகக் காட்டும் அளவை ஏற்க வேண்டாம் என்பதில்லை, உண்மையான கொள்ளளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

முடிந்ததும் இரண்டு டிஸ்க்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் தனித்தனியாகத் தெரியாது, பயப்பட வேண்டாம். பவர் ஆப்ஷனில் “20 நிமிடத்தில் ஹார்டு டிஸ்க்கை நிறுத்து” என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள், இல்லையென்றால் எடிட்டிங்கில் ஒவ்வொரு டீ இடைவேளைக்குப் பிறகும் மென்பொருள் உறைந்து நிற்கும். டிஸ்க்கின் பாலிசி பக்கத்தில் கேஷ் ஃப்ளஷை அணைக்கும் டிக்கைத் தொடாதீர்கள், வேகம் கூடும் என்று யார் சொன்னாலும்.

லினக்ஸ் தெரிந்தவருக்கு அங்கே ரெய்டு நடத்தும் எம்டிஆட்மின் என்ற கருவி ஸ்பேசஸைவிடத் திடமானது. புதிதாகப் போடுபவர் தடுக்கி விழும் இடம் இரண்டு. அர்ரேயைக் கான்ஃபிக் கோப்பில் எழுதி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்காவிட்டால், எம்டி0 என்று வைத்த பெயர் ரீபூட்டில் எம்டி127 ஆகி வரும். எஃப்எஸ்டேபில் யுயுஐடியும் நோஃபெயிலும் போடாவிட்டால், டிஸ்க் ஒன்று தாமதித்தாலும் மெஷின் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். டெபியன், உபுண்டுவில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் முழு டிஸ்க்கையும் தானே சரிபார்க்கும். ராத்திரி மெஷினை அணைத்துவிடுகிறவர்கள் அந்த வேலையைக் கையால் ஓட்ட வேண்டும்.

டேட்டா ஏற்றும் முன், காலியாக இருக்கும்போதே ஒத்திகை பாருங்கள். மெஷினை அணைத்து, ஒரு டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றி, மறுபடி ஓட விடுங்கள். டிரைவ் திறக்க வேண்டும், ஸ்பேசஸ் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை வர வேண்டும், அதில் காட்டும் சீரியல் எண் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கரோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு கோப்பை எழுதி, அணைத்து, கேபிளைத் திரும்பச் செருகினால் தானே சரிசெய்யத் தொடங்கும். விண்டோஸ் இந்த எச்சரிக்கையை மெல்லிய குரலில்தான் சொல்லும், வாட்ஸ்அப் அறிவிப்புகளுக்கு நடுவே கரைந்துவிடும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை ஸ்டார்ட்டப்பில் போட்டு வையுங்கள், சூடும் ஸ்மார்ட்டும் கடிகாரத்துப் பக்கத்திலேயே தெரியும்.

உண்மையாகவே ஒன்று போனால், புது டிஸ்க்கை முதலில் பூலில் சேர்த்து, ரிப்பேர் முடிந்த பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். ஸ்பேசஸ் டேட்டா இருக்கும் அளவை மட்டும் எழுதும். லினக்ஸ் முழு டிஸ்க்கையும் எழுதும். சராசரி நொடிக்கு 150 எம்பி என்று வைத்தால் 4 டிபிக்குக் கணக்கு ஏறக்குறைய ஏழரை மணி நேரம். சனீஸ்வரனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் அந்த ஏழரையில் மீதி டிஸ்க் ஒற்றைக் காலில் நிற்கிறது. பேப்பரில் மாதாந்திர மின்தடை அறிவிப்பு எந்த நாளைக்கு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கரண்ட் விஷயம். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே, யுபிஎஸ் எதற்கு என்பார்கள். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள ஸ்விட்ச் ஃபேன், லைட்டுக்கான மோடில் இருந்தால் மாறுவதற்கு அதைவிட நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் மோடில் வைத்தால் சீக்கிரம் மாறும், ஆனால் வோல்டேஜ் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவும். சாயங்காலம் ஏசி எல்லாம் ஓடும் தெருவில் அது அடிக்கடி நடக்கும். 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினுக்கு 1000 விஏவுக்கு மேல், யுஎஸ்பி வழியாக மெஷினைத் தானே அணைக்கும் வகை வாங்குங்கள். எர்த்தும் பாருங்கள். கோடையில் செம்மண் காய்ந்து எர்த் குழி பலன் தராமல் போகும், கேஸைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும். குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதும் ரெய்டு பராமரிப்பில் சேர்த்திதான்.

ரெய்டு 1 இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டால், தவறுதலாக அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினாலும் அப்படியே. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பகுதி தண்ணீரில் நின்றபோது, தரைத்தளத்தில் இருந்த கேஸுக்குள் மிர்ரரின் இரண்டு பாதியும் ஒன்றாகத்தான் முங்கியிருக்கும். யுஎஸ்பி டிஸ்க் ஒன்றில் மூன்றாவது பிரதி, அது வேறு வீட்டில், அம்பாசமுத்திரமோ தென்காசியோ சொந்தக்காரர் பீரோவில் இருக்கட்டும். இதற்கு எஸ்எம்ஆர் டிஸ்க்கே போதும், அதன் மலிவு இங்கே உதவும்.

அயர்ன்வுல்ஃபின் குறைகள் என்றால்: தலை நகரும் கரகரப்பு ராத்திரி அமைதியில் கேட்கும், படுக்கையறைக்கு ஆகாது. பெருமையாகச் சொல்லும் ஹெல்த் மேனேஜ்மென்ட் நாஸ் பெட்டிகளுக்கானது, விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதனால் பலன் இல்லை. வாரண்டியில் மாற்றித் தரும் டிஸ்க் பெரும்பாலும் சீர்செய்த டிஸ்க்காகவே வரும், வந்து சேர நாளும் ஆகும். ஸ்டுடியோக்காரர்கள் மூன்றாவதாக ஒன்றை வாங்கி அலமாரியில் வைப்பது செலவு அல்ல. ஆடியில் வேலை குறைந்திருக்கும்போது அதைச் செருகி ஒரு முழு ஸ்மார்ட் டெஸ்ட் ஓட்டிவிட்டு மறுபடி கவரில் போட்டுவிடலாம்.

வாங்கும்போது ஒன்று பாக்கி. 2025 தொடக்கத்தில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள், ஸ்மார்ட் எண்ணிக்கை அழிக்கப்பட்டு, புதியவை என்று ஐரோப்பியக் கடைகளில் விற்பனைக்கு வந்தது வெளியானது. ஸ்மார்ட் பூஜ்யம் காட்டினாலும், ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேட்டில் உண்மையான மணி நேரம் இருந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ அந்தப் பதிவேட்டைப் படித்துக் காட்டும். இரண்டு இடத்திலும் மணிக்கணக்கு ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே பாருங்கள். கடையில் நிற்கும்போதே சீரியல் எண்ணை சீகேட் தளத்தில் போட்டு, வாரண்டி இந்தியாவுக்கு உண்டா, எந்தத் தேதிவரை என்று போனில் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. பில்லில் “ஹார்டு டிஸ்க் 2” என்று மட்டும் எழுதித் தந்தால், “அண்ணாச்சி, சீரியல் நம்பர் ரெண்டையும் எழுதிக் குடுங்க” என்று கேட்டு வாங்குங்கள்.